படிச்சது ஏன் நிக்க மாட்டேங்குது? பிளஸ் டூ பசங்களும் அம்மாக்களும் அடிக்கடி கேக்குற கேள்விகள்

திண்டுக்கல்ல வீட்டு முன் ரூம்லயே பிளஸ் ஒன், பிளஸ் டூ பசங்களுக்கு பிசிக்ஸும் மேத்ஸும் டியூஷன் எடுக்குறேன். வருஷா வருஷம் காலாண்டு பேப்பர் கைக்கு வந்த வாரம் அதே கேள்விங்கதான் வரும், பசங்க கிளாஸ் முடிஞ்சு செருப்பு மாட்டும்போது கேப்பாங்க, அம்மாக்கள் ராத்திரி பத்து மணிக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவாங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி சொல்லி தொண்டை போச்சு, அதான் மொத்தமா எழுதி வெச்சுட்டேன். உதாரணம் எல்லாம் பிசிக்ஸ்ல இருந்துதான் வரும், எனக்கு தெரிஞ்சது அது. பயாலஜி, காமர்ஸ் பசங்க கோவிச்சுக்காதீங்க, படிக்கிற முறை எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

அக்கா, வீட்ல படிக்கும்போது எல்லாமே தெரியுது, ஹால்ல உக்காந்தா ஒண்ணும் வர மாட்டேங்குது. எனக்கு ஞாபக சக்தி கம்மியா?

ஞாபக சக்திக்கு ஒரு கேடும் இல்ல. இதே கேள்வி கேட்ட பையன் மூணு வருஷம் முன்னாடி நடந்த மேட்ச்ல யாரு எந்த ஓவர்ல அவுட்டுன்னு சொல்லுவான். சிக்கல் எங்கன்னா, "தெரியுது"ன்னு சொல்றியே அந்த வார்த்தைல. புக்கை தொறந்து வெச்சுகிட்டு நாலாவது தடவை படிக்கும்போது வரி எல்லாம் பழகிப் போயிருக்கும், கண்ணு வழுக்கிகிட்டு போகும், அந்த வழுக்கலைத்தான் நாம தெரியுதுன்னு நெனச்சுக்கறோம். தெருவுல தினமும் எதிர்ல வர்ற ஆளு மாதிரிதான், முகம் நல்லா பழக்கம், பேரு என்னன்னு கேட்டா முழிப்போம். பரீட்சைல கேக்குறது பேரைத்தான்.

எனக்கே நடந்துருக்கு. நான் பிளஸ் டூ எழுதுனது மொத்தம் 1200 மார்க் இருந்த காலம், பிசிக்ஸ் புக்கை அட்டை டு அட்டை நாலு தடவை படிச்சுட்டு போனேன். ட்ரான்ஸ்பார்மர் கேள்வி வந்துச்சு. அந்த பக்கம் அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது, மேல இடது ஓரத்துல படம், கீழ நான் போட்ட பென்சில் கோடு, ஓரமா ஒரு டீ கறை கூட. எழுத்து மட்டும் தெரியல. டீ கறைக்கு யாரும் மார்க் போட மாட்டாங்கல்ல.

இதை சோதிச்சே பாத்துருக்காங்க. 2006ல அமெரிக்கால செயின்ட் லூயிஸ்ல இருக்குற வாஷிங்டன் யுனிவர்சிட்டில ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேரு, காலேஜ் பசங்களுக்கு ஒரு சின்ன பகுதியை படிக்க குடுத்தாங்க. பாதி பேரு அதையே ரெண்டாவது தடவை படிச்சாங்க, மீதி பேரு பேப்பரை குடுத்துட்டு ஞாபகம் இருக்குறதை எழுதிப் பாத்தாங்க. 5 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா ரெண்டு தடவை படிச்சவங்கதான் மேல, 81 சதவீதம், எழுதிப் பாத்தவங்க 75. ஆனா ஒரு வாரம் கழிச்சு வெச்சப்போ தலைகீழ், படிச்சவங்க 42, எழுதிப் பாத்தவங்க 56. அதே ஆளுங்க இன்னொரு சோதனைல, திரும்ப திரும்ப படிச்ச கூட்டம்தான் "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்"னு தைரியமா சொல்லிருக்கு, ஒரு வாரத்துல கம்மியா எழுதுனதும் அவங்கதான். படிச்சு முடிச்ச உடனே உங்களுக்கு வர்ற நம்பிக்கையை நம்பாதீங்கன்னு நான் கத்துறது இதனாலதான்.

அப்போ எப்படித்தான் படிக்கணும்? ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லுங்க.

ஒரே ஒரு தலைப்பை எடு, முழு லெசன் வேண்டாம். ஒரு தடவை நிதானமா, புரிஞ்சு படி. புக்கை மூடு, மூடுறதுன்னா நிஜமா மூடுறது, விரலை பக்கத்துக்கு நடுவுல வெச்சுகிட்டு இல்ல. வெள்ளை பேப்பர் எடுத்து நீல பேனால ஞாபகம் இருக்குறது எல்லாத்தையும் கொட்டு, வரிசையா இல்லாட்டியும் பரவால்ல. ரெண்டு நிமிஷத்துல நின்னு போயிடும், மேல பாத்துகிட்டு உக்காந்துருப்ப, புக்கை தொறக்கணும்னு கை துடிக்கும். அப்போ தொறக்காத. இன்னும் மூணு நிமிஷம் திணறு. அந்த திணறல்லதான் பாடம் உள்ள இறங்குது, சும்மா சொல்லல. அப்புறம் புக்கை தொறந்து, விட்டதையும் தப்பா எழுதுனதையும் சிவப்பு பேனால அதே பேப்பர்ல எழுது. மறுநாள் புக்கை பூரா படிக்க வேண்டாம், சிவப்பை மட்டும் பாத்துட்டு திரும்ப வெள்ளை பேப்பர்.

ஒரு நிஜ பேப்பர் சொல்றேன். போன வருஷம் ஒரு பையன், புக்கு பூரா மஞ்சள் ஹைலைட்டர், மாவிளக்கு மாதிரி இருக்கும். மின்மாற்றி, அதான் ட்ரான்ஸ்பார்மர், படிச்சாச்சுன்னான், சரி எழுதுடான்னேன். நீலத்துல வந்தது நாலு வரி: ரெண்டு சுருள் இருக்கு, நடுவுல இரும்பு உள்ளகம், வோல்டேஜை கூட்டும் குறைக்கும், வோல்டேஜ் விகிதமும் சுற்று எண்ணிக்கை விகிதமும் சமம். அவ்வளவுதான். சிவப்புல வந்தது அரை பக்கம். பரிமாற்று மின்தூண்டல்ங்கிற தத்துவத்தோட பேரே இல்ல, உள்ளகம் ஏன் ஒரே கட்டியா இல்லாம தகடு தகடா இருக்குன்னு இல்ல, ஆற்றல் இழப்புல தாமிர இழப்பு மட்டும்தான் இருந்துச்சு, இரும்பு இழப்பும் பாயக் கசிவும் காணோம். "அக்கா இது எல்லாமே நான் ஹைலைட் பண்ணி வெச்சுருக்கேன்"னு புக்கை காட்டுறான். காட்டிட்டு அவனே சிரிச்சுட்டான்.

மூணாவது பேப்பர்ல சிவப்பு ரெண்டு வரிதான். அதுக்கப்புறம்தான் நான் "ஏன்" கேக்க ஆரம்பிச்சேன், அதுதான் இதோட ரெண்டாவது பாதி. டிசி குடுத்தா ஏன் ஓடாது? மின்னோட்டம் மாறுனாத்தான் காந்தப்பாயம் மாறும், பாயம் மாறுனாத்தான் ரெண்டாவது சுருள்ல வோல்டேஜ் தூண்டப்படும், டிசி மாறாம அப்படியே நிக்கும். தகடு ஏன்? கட்டியா இருந்தா உள்ளுக்குள்ளயே சுழல் மின்னோட்டம் பெருசா ஓடி சூடாகி வீணாப் போகும், தகடு தகடா வெட்டி நடுவுல காப்பு வெச்சா அது ஓட வழி குறையும். நம்ம தெருமுனை ட்ரான்ஸ்பார்மருக்கு ஏன் 11,000 வோல்ட்ல கொண்டு வர்றாங்க, வீட்டுக்கு 230தானே வேணும், மொதல்லயே 230ல அனுப்புனா என்ன? வோல்டேஜை 10 மடங்கு ஏத்துனா அதே பவருக்கு மின்னோட்டம் 10ல ஒரு பங்கு போதும், கம்பில வீணாப்போறது மின்னோட்டத்தோட வர்க்கத்தை பொறுத்தது, அப்போ இழப்பு 100ல ஒரு பங்கு. இதை ஒரு தடவை சொல்லிட்டான்னா ஏற்று மின்மாற்றி எங்க, இறக்கு மின்மாற்றி எங்கன்னு அவனுக்கு மனப்பாடமே தேவையில்ல, மின் நிலையத்துல ஏத்தணும், ஊருக்குள்ள இறக்கணும், வேற வழியே கிடையாது.

ஹைலைட்டர் வாங்கலாமா?

வாங்கு, அழகா இருக்கும். 2013ல டன்லாஸ்கின்னு ஒரு அமெரிக்க உளவியல்காரரும் அவர் கூட்டாளிகளும் மாணவர்கள் பயன்படுத்துற 10 படிப்பு முறைகளை எடுத்து அது வரைக்கும் வந்த ஆராய்ச்சியை எல்லாம் அலசி தரம் பிரிச்சாங்க. அடிக்கோடு போடுறதும் திரும்ப திரும்ப வாசிக்கிறதும் அடில. தன்னைத்தானே டெஸ்ட் வெச்சுக்கறதும் இடைவெளி விட்டு படிக்கிறதும் மேல. பசங்க அதிகமா பண்றது அடில இருக்குறதைத்தான்.

சொந்த வார்த்தைல எழுதினா மார்க் குறைச்சுடுவாங்களா மிஸ்? எங்க ஸ்கூல்ல புக்குல இருக்குறபடியேன்னு சொல்றாங்க.

பாதி உண்மை. விளக்கம், காரணம், செயல்படும் விதம் எல்லாம் உன் வார்த்தைல தப்பில்லாம எழுதுனா தாராளமா போடுவாங்க, அஞ்சு மார்க் கேள்விக்கு படம், தத்துவம், சமன்பாடுன்னு ஸ்டெப் ஸ்டெப்பாத்தான் மார்க் பிரியும். ஆனா விதி, வரையறைன்னு கேட்டா சில சொல்லு விடவே கூடாது. கூலும் விதியை எடுத்துக்கோ, "புள்ளி மின்துகள்கள்"ல அந்த "புள்ளி"யை நிறைய பேரு முழுங்கிடுவாங்க, "மின்துகள்களின் பெருக்கற்பலனுக்கு நேர்த்தகவு, தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவு"ல "இருமடி"யை விட்டுட்டு வெறும் தொலைவுன்னு எழுதுவாங்க. அது வார்த்தை தப்பில்ல, பிசிக்ஸே தப்பு. நான் சொல்றது, விதியை படிக்கும்போது எந்த சொல்லை எடுத்தா அர்த்தம் உடையும்னு பாத்து அந்த மூணு நாலு சொல்லை மட்டும் தனியா எழுதி வெச்சுக்கோ, மீதி வாக்கியம் தானா வரும்.

அப்போ மனப்பாடமே வேண்டாமா?

யாரு சொன்னா? தமிழ்ல மனப்பாடப் பாட்டு, கெமிஸ்ட்ரில வேதிவினைப் பேரு, பிசிக்ஸ்ல மாறிலி மதிப்பு, யூனிட் எல்லாம் மனப்பாடம்தான், அதை புரிஞ்சுக்கறேன்னு உக்காந்தா விடிஞ்சுடும். வாய்பாடு தெரியாத பையன் ஒவ்வொரு கணக்குலயும் ஏழெட்டு எவ்வளவுன்னு யோசிச்சு நிப்பான், அதுக்குள்ள கணக்கு மறந்துடும். தப்பு எங்கன்னா டெரிவேஷனை, அதாவது ஒரு சமன்பாடு எப்படி வந்துச்சுன்னு வரி வரியா காட்டுறதை, கடம் அடிக்கிறது. 14 வரி டெரிவேஷன்ல நடுவுல ஒரு வரி மறந்தா அதுக்கு அப்புறம் எல்லாமே போச்சு, சங்கிலி மாதிரி அறுந்துடும். அதுக்கு பதிலா திருப்பம் எங்கன்னு பாரு. எங்க ஒரு பழைய விதியை உள்ள கொண்டு வர்றோம், எங்க "இது ரொம்ப சின்னது, விட்டுடலாம்"னு சொல்றோம், அந்த மாதிரி மூணு நாலு இடம்தான் இருக்கும். அதை ஞாபகம் வெச்சா நடுவுல இருக்குறது வெறும் அல்ஜீப்ரா, கை தானா போடும்.

எத்தனை தடவை ரிவிஷன் பண்ணணும்? படிச்சது ரெண்டே நாள்ல மறந்துடுது.

மறக்கத்தான் செய்யும். எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், 1885ல புத்தகமா போட்டாரு, தன்னையே சோதனை எலி மாதிரி வெச்சுகிட்டு அர்த்தமே இல்லாத அசைகளை வரிசை வரிசையா மனப்பாடம் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு அதையே திரும்ப மனப்பாடம் பண்ண எவ்வளவு உழைப்பு மிச்சமாகுதுன்னு அளந்தாரு. 20 நிமிஷத்துலயே மிச்சம் 58 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு, ஒரு நாள்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு, ஒரு மாசத்துல அஞ்சுல ஒரு பங்கு. இந்த கோட்டை காட்டி பயமுறுத்துறவங்க ரெண்டு விஷயத்தை சொல்ல மாட்டாங்க. ஒண்ணு, அவர் படிச்சது அர்த்தமில்லாத அசை, உன் பாடத்துக்கு அர்த்தம் இருக்கு, புரிஞ்சு படிச்சா அவ்வளவு வேகமா போகாது. ரெண்டு, சரிவு ஆரம்பத்துலதான் செங்குத்து, அப்புறம் மெதுவா சமமாயிடுது. அதனாலதான் முதல் ரிவிஷன் சீக்கிரம் வேணும், அடுத்தடுத்தது தள்ளி தள்ளி போகலாம்.

எங்க வீட்ல நடக்குற கணக்கு இது: திங்கக்கிழமை ஒரு தலைப்பு படிச்சா செவ்வாய் ஒரு தடவை, வெள்ளி ஒரு தடவை, அடுத்த வாரம் வியாழன் ஒரு தடவை, அப்புறம் ஒரு மாசம் கழிச்சு. எல்லாமே வெள்ளை பேப்பர் முறைதான், ஒவ்வொண்ணும் 10 நிமிஷம் தாண்டாது. இந்த நாள் கணக்கு வேத வாக்கு இல்ல, ஒரு நாள் முன்ன பின்ன ஆனா குடி முழுகிப் போகாது. ஒரே நாள்ல அஞ்சு தடவை படிக்கிறதை விட அஞ்சு நாள்ல ஒவ்வொரு தடவை படிக்கிறது மேல்ங்கிறதுதான் விஷயம், செலவாகுற நேரம் என்னமோ ஒண்ணுதான். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இடைவெளி விட்டு படிக்கும்போது ஒவ்வொரு தடவையும் பாதி மறந்து போயிருக்கும், எரிச்சலா இருக்கும், "இந்த முறை எனக்கு ஒத்து வரல"ன்னு ரெண்டாவது வாரம் நிறுத்திடுவாங்க. கொஞ்சம் மறந்த அப்புறம் இழுத்து வெளிய எடுக்கும்போதுதான் அது அழுத்தமா உக்காரும்.

ஒன் மார்க்குக்கு என்ன வழி?

பிசிக்ஸ் தியரி பேப்பர் 70 மார்க், அதுல 15 ஒன் மார்க், ஒண்ணு கூட சாய்ஸ் கிடையாது. எல்லாரும் புக் பேக் ஒன் மார்க்கை, அதான் லெசன் கடைசில இருக்குற கேள்வியை, ஆப்ஷன் நம்பரோட மனப்பாடம் பண்ணுவாங்க, "மூணாவது கேள்விக்கு ஆ"ன்னு, கேள்வி வரிசை மாறுனா காலி. செருப்பு டப்பா ஒண்ணு எடுத்து அட்டைய வெட்டி மூணு அறை பண்ணு. துண்டு பேப்பர்ல முன்னாடி கேள்வி மட்டும், ஆப்ஷன் இல்லாம, பின்னாடி பதில். எல்லா சீட்டும் முதல் அறைல இருந்து ஆரம்பம். சரியா சொன்னா அடுத்த அறைக்கு போகும், தப்பா சொன்னா எந்த அறைல இருந்தாலும் திரும்ப முதல் அறைக்கே. முதல் அறை தினமும், ரெண்டாவது மூணு நாளைக்கு ஒருக்கா, மூணாவது பத்து நாளைக்கு ஒருக்கா. 1972ல செபாஸ்டியன் லைட்னர்ங்கிற ஜெர்மன்காரர் எழுதுன முறை இது, இப்போ மொபைல்ல ஆப்பா கூட வந்துருச்சு. ஆனா மொபைலை கைல குடுத்தா சீட்டு பாப்பானா ரீல்ஸ் பாப்பானான்னு உங்களுக்கே தெரியும். செருப்பு டப்பால நோட்டிபிகேஷன் வராது.

மேத்ஸ்ல பயிற்சி கணக்கு எல்லாம் போட்டுடறேன், பரீட்சைல எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

ஏன்னா பயிற்சிக்கு மேலயே விடை எழுதிருக்கு. "பகுதித் தொகையிடல்"னு தலைப்பு போட்டு கீழ 12 கணக்கு குடுத்தா எந்த முறைன்னு யோசிக்கிற வேலையே இல்லையே, பன்னெண்டையும் அதே மாதிரி போட்டுட்டு எனக்கு தொகையிடல் வந்துடுச்சுன்னு கிளம்பிடற. பரீட்சைல தலைப்பு இருக்காது. பிரதியிடலா, பகுதித் தொகையிடலா, பகுதி பின்னமான்னு பாத்த உடனே கண்டுபிடிக்கிறதுதான் பாதி கணக்கு, அந்த பாதியை நீ வீட்ல ஒரு நாள் கூட பழகல.

ரோரர், டெய்லர்னு ரெண்டு பேரு 2007ல இதை போட்டு பாத்தாங்க. சில திண்ம வடிவங்களோட கன அளவு கண்டுபிடிக்கிற கணக்கு, ஒரு குழு ஒவ்வொரு வகையா முடிச்சுச்சு, இன்னொரு குழுவுக்கு எல்லாத்தையும் கலந்து குடுத்தாங்க. பழகும்போது வகை வகையா போட்டவங்க 89 சதவீதம் சரி, கலந்து போட்டவங்க 60தான். ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட்ல வகை வகையா போட்டவங்க 20, கலந்து போட்டவங்க 63. இந்த நாலு நம்பரை நான் போர்டு ஓரத்துல எழுதியே வெச்சுருக்கேன், கலந்து குடுத்தா பசங்க முனகுவாங்க, அப்போ கையை மட்டும் காட்டுவேன்.

வீட்ல பண்றது ரொம்ப சுலபம். பழைய கேள்வித்தாள்ல இருந்து வேற வேற லெசன் கணக்கை எடுத்து சீட்டா வெட்டி ஒரு டம்ளர்ல போட்டு குலுக்கி எடு. முதல் அரை மணி நேரம் போடக் கூட வேண்டாம், எந்த முறை, ஏன், முதல் வரி என்ன, அதை மட்டும் எழுது. ஆனா புது முறையை முதல் தடவை கத்துக்கும்போது மட்டும் வரிசையா ஒரே வகைல நாலஞ்சு போட்டுடு, எடுத்த எடுப்புலயே கலந்தா குழப்பம்தான் மிஞ்சும்.

இன்னொண்ணு, கைடை பக்கத்துல வெச்சுகிட்டு ஒவ்வொரு வரியா பாத்து "ஆமா, சரி, ஆமா"ன்னு தலையாட்டுறது கணக்கு போடுறது ஆகாது. கைடு வேணும்னா பாரு, பாத்துட்டு மூடிட்டு முதல் வரில இருந்து நீயா போடு.

யூடியூப்ல லெசன் பாக்குறேன், அருமையா புரியுது, அது போதுமா?

நடத்துறவங்களுக்கு அருமையா புரிஞ்சுருக்கு. வீடியோவை 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, இது வரைக்கும் என்ன சொன்னாங்கன்னு வாய்விட்டு சொல்லு. சொல்ல முடியலன்னா பின்னாடி போ.

விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து படிச்சாத்தான் மனசுல நிக்கும்னு அவங்க தாத்தா சொல்றாரு, பையன் எழுந்திரிக்க மாட்டேங்குறான். எழுப்பி விடவா?

அக்கா, அவன் எத்தனை மணிக்கு படுக்குறான்னு மொதல்ல சொல்லுங்க. தாத்தா காலத்துல ஒம்பது மணிக்கு ஊரே படுத்துடும், நாலு மணிக்கு எழுந்தா ஏழு மணி நேரம் தூங்கியாச்சு. இவன் பன்னெண்டரை வரைக்கும் முழிச்சுட்டு நாலுக்கு எழுந்தா மூணரை மணி நேரம், அதுல என்ன நிக்கும்? ஒம்பதரைக்கு படுப்பான்னா நாலரைக்கு எழுப்பி விடுங்க, அமைதியா இருக்கும், நல்லதுதான். நாலு மணிக்குன்னு தனி மந்திரம் எதுவும் இல்ல.

தூக்கமே படிப்போட ஒரு பகுதி. 1924லயே அமெரிக்கால ஜென்கின்ஸ், டாலன்பாக்னு ரெண்டு பேரு, படிச்சுட்டு தூங்குனா எவ்வளவு மறக்குது, படிச்சுட்டு முழிச்சு வேற வேலை பாத்தா எவ்வளவு மறக்குதுன்னு பாத்தாங்க. தூங்குனாத்தான் மறதி கம்மி. சோதனைக்கு இருந்தது ரெண்டே ரெண்டு மாணவர்கள்தான், ஆனா அதுக்கப்புறம் வந்த எத்தனையோ ஆராய்ச்சி அதே பக்கம்தான் நிக்குது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி முழிச்சு புது பாடம் படிக்கிற பையன், ஏற்கனவே படிச்சதையும் சேத்து கெடுத்துக்கறான்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கணும்?

இந்த கேள்விக்கு நான் பதில் சொல்றதே இல்ல. இன்னைக்கு எத்தனை பேப்பர் எழுதுனன்னு கேப்பேன். உக்கார முடியலன்னா 25 நிமிஷம் படிச்சு 5 நிமிஷம் எழுந்து நட, பிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு இத்தாலிக்காரர் 1980களோட கடைசில தக்காளி வடிவ சமையல் டைமரை வெச்சு பழகுன முறை, அதான் இத்தாலிய மொழில தக்காளின்னே பேரு, பொமொடோரோ. ஆனா பப்ளிக் எக்ஸாம் மூணு மணி நேரம், அங்க தக்காளி எல்லாம் கிடையாது, அதனால ஞாயித்துக்கிழமை ஒரு தடவையாவது மூணு மணி நேரம் எழுந்திரிக்காம ஒரு முழு பேப்பர் எழுதணும், கை வலியும் பழகணும்.

என் பொண்ணு விஷுவல் லேர்னர்னு ஒரு டெஸ்ட்ல வந்துருக்கு, அதுக்கு ஏத்த மாதிரி சொல்லித் தருவீங்களா?

2008ல பாஷ்லர்னு ஒருத்தரும் கூட சில ஆராய்ச்சியாளர்களும் இதை தேடிப் பாத்து, ஒவ்வொருத்தரோட ஸ்டைலுக்கு ஏத்த மாதிரி பாடம் நடத்துனா நல்லா படிப்பாங்கங்கிறதுக்கு போதுமான ஆதாரம் இல்லன்னு சொல்லிட்டாங்க. கதிர் ஒளியியல்னா எல்லாருக்கும் படம் போட்டுத்தான் ஆகணும், மனப்பாடப் பாட்டுன்னா எல்லாரும் வாய்விட்டுத்தான் சொல்லணும். பாடத்தை பொறுத்துதான் முறை. உங்க பொண்ணு நல்லாவே படம் வரையுறா, அது வேற சந்தோஷம்.

ஃப்ரெண்ட்ஸ் கூட சேர்ந்து படிக்கலாமா, இல்ல வெட்டிப் பேச்சுல போயிடுமா?

ரெண்டும் நடக்கும். ஆனா இதுக்கு அமெரிக்காக்காரங்க வரைக்கும் போகவே வேண்டாம், 13ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதுன நன்னூல்ல பாடம் எப்படி கேக்கணும்னு சொல்ற இடத்துல கணக்கே போட்டுருக்காரு. ஆசிரியர் சொல்றதை எவ்வளவு நல்லா கேட்டாலும் கால் பங்குதான் வரும், கூட படிக்கிறவங்களோட பேசிப் பழகுனா இன்னொரு கால், மீதி அரை பங்கு நீ இன்னொருத்தருக்கு எடுத்து சொல்லும்போதுதான் வரும். கேட்டதை திரும்ப நெனச்சுப் பாக்கறது, கேள்வி கேக்கறது, கேட்ட கேள்விக்கு பதில் சொல்றதுன்னு அதே இடத்துல வரிசையா இருக்கு. நான் மேல வெள்ளை பேப்பர்னு நீட்டி முழக்குனதை அவர் ரெண்டு சொல்லுல முடிச்சுட்டாரு, கேட்டவை நினைத்தல்.

எங்க டியூஷன்ல சனிக்கிழமை நான் சேர்ல உக்காந்துடுவேன், பசங்கதான் போர்டுக்கு போகணும். எல்லாரும் நெனைக்கிற மாதிரி நல்லா படிக்கிறவன் மட்டும் சொல்லித் தர்றதில்ல, ஆவரேஜ் பையனைத்தான் மொதல்ல ஏத்துவேன். ஒரு தடவை ஒருத்தி வீட்ஸ்டோன் சமனச்சுற்று நடத்திகிட்டு இருந்தா, பின்னாடி இருந்து ஒருத்தன் "கால்வனாமீட்டர்ல ஏன் மின்னோட்டம் போகாது"ன்னு கேட்டான், கால்வனாமீட்டர்னா அந்த சுற்றுல மின்னோட்டம் போகுதான்னு காட்டுற கருவி. அவ டக்குனு "ஏன்னா சமநிலை"ன்னா. "சமநிலைன்னா என்ன?" "கால்வனாமீட்டர்ல மின்னோட்டம் போகாது." கிளாஸே சிரிச்சுது. அவளுக்கே அப்பத்தான் தெரிஞ்சுது, ரெண்டு முனையிலயும் மின்னழுத்தம் ஒரே அளவுங்கிறதை விட்டுட்டு சுத்தி சுத்தி வர்றோம்னு. அதை அவ பரீட்சை வரைக்கும் மறக்கவே இல்ல.

வெட்டிப் பேச்சு வராம இருக்க ரெண்டு பேரு, மிஞ்சி போனா மூணு பேரு. நாலாவது ஆளு வந்தா அது கிரிக்கெட் டீம்.

ஞாபக சக்திக்கு வல்லாரை மாத்திரை குடுக்கலாமா?

வல்லாரை துவையல் சுடு சோத்துக்கு நல்லா இருக்கும்.

பரீட்சைக்கு 10 நாள்தான் இருக்கு, ஒண்ணுமே படிக்கல. இப்போ இது எல்லாம் பண்ண முடியுமா?

முழுசா முடியாது, பொய் சொல்ல மாட்டேன். பிசிக்ஸ்ல 11 லெசன், எல்லாத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்னு நெனைக்காத, அப்படி ஓட்டுனா பதினொண்ணுமே முகம் பழக்கம் மட்டும்தான் ஆகும். பேப்பரை பாரு: 15 ஒன் மார்க், ரெண்டு மார்க் ஒம்பதுல ஆறு, மூணு மார்க் ஒம்பதுல ஆறு, அஞ்சு மார்க் அஞ்சு, அது ஒவ்வொண்ணும் இது அல்லது அதுன்னு சாய்ஸ். ரெண்டு மார்க்லயும் மூணு மார்க்லயும் ஒவ்வொரு கேள்வி கட்டாயம். அதனால அஞ்சாறு லெசனை எடுத்துகிட்டு, பழைய கேள்வித்தாளை மொதல்ல எடுத்து, தெரியாட்டியும் எழுதிப் பாத்து, எது வரலையோ அதுக்காக மட்டும் புக்கை தொற. படிச்சுட்டு டெஸ்ட் எழுதுற வழக்கத்தை திருப்பிப் போடு, டெஸ்ட் எழுதிட்டு படி. 10 நாள்னாலும் ஒவ்வொரு தலைப்பையும் ரெண்டு நாள் இடைவெளில ரெண்டு தடவையாவது தொடலாம். புக் பேக் ஒன் மார்க்கை மட்டும் எல்லா லெசனுக்கும் பாத்துடு.

நீட்டுக்கும் இதே முறைதானா?

இதேதான், கலந்து படிக்கிறது அங்க இன்னும் முக்கியம். 180 கேள்வி, 180 நிமிஷம், தப்புக்கு ஒரு மார்க் போகும். அதனால அங்க ஒரு வேலை கூட, ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்துல "உறுதி, சந்தேகம், குருட்டடி"ன்னு குறிச்சுட்டு அப்புறமா கீ பாக்கணும். உறுதின்னு போட்டு தப்பானதுதான் மொதல்ல திரும்ப படிக்க வேண்டியது.

ஹால்ல நிஜமாவே ப்ளாங்க் ஆயிட்டா?

10 மணிக்கு கேள்வித்தாள் கைக்கு வரும், 10 நிமிஷம் படிக்க மட்டும், அடுத்த 5 நிமிஷம் முகப்புத் தாள் விவரம் சரி பாக்க, பத்தே காலுக்கு எழுத ஆரம்பிக்கணும். அந்த 10 நிமிஷத்துல தெரியாத கேள்வியை தேடி பயப்படாம தெரிஞ்ச அஞ்சு மார்க் ரெண்டை கண்டுபிடிச்சு வெச்சுக்கோ. எழுத ஆரம்பிச்ச அப்புறம் ஒரு கேள்வி வரவே இல்லன்னா அந்த பக்கம் எப்படி இருந்துச்சுன்னு யோசிக்காத, அது என் டீ கறை வழி. படத்தை போடு, தெரிஞ்ச ஒரு வார்த்தையை பக்கத்துல எழுது, சுருள்னு எழுதுனா சுற்றுன்னு வரும், சுற்றுன்னு எழுதுனா விகிதம் வரும். ரெண்டு நிமிஷத்துல வரலன்னா இடம் விட்டுட்டு அடுத்ததுக்கு போ, வேற கேள்வி எழுதும்போது தானா வந்து நிக்கும், வந்த உடனே அந்த விட்ட இடத்துல ஒரு வார்த்தை குறிச்சு வெச்சுட்டு கைல இருக்குறதை முடி. வீட்ல திணறிப் பழகுன பையனுக்கு இங்க திணறும்போது படபடப்பு கம்மி, நான் பாத்த வரைக்கும்.

மிஸ், இவன் தினமும் பத்து பேப்பர் காலி பண்றான், நோட்டு வாங்கி மாளல.

தினசரி காலண்டர்ல கிழிக்கிற தாளை குப்பைல போடாதீங்கக்கா, பின்பக்கம் காலியா இருக்குற காலண்டரா பாத்து எடுத்து வைங்க. ரெண்டா வெட்டுனா ஒன் மார்க் சீட்டுக்கு சரியான அளவு. பெரிய பேப்பருக்கு ஜெராக்ஸ் கடைல தப்பா விழுந்த தாளை கேட்டா கட்டு கட்டா குடுப்பாங்க, நான் அப்படித்தான் வாங்கிட்டு வர்றேன், ஒரு பக்கம் யாரோட பட்டாவோ, மறு பக்கம் மின்மாற்றி.